வாலைத் தள்ளி அளந்தது

இன்று மறுபடியும் பெரிய வீட்டில் பூச்சிமருந்து அடித்தார்கள். அடுத்த வாரம் இன்னொரு கல்யாணம். அந்த நெடி மூக்கில் ஏறியதும் உங்கள் நினைப்பு வந்துவிட்டது, டீச்சரம்மா. எனக்கு எழுதத் தெரியாது. சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

கண்டனூரில் பூட்டியே கிடக்கும் இந்த வீட்டுக்கு நான் காவல்காரன். ஆராய்ச்சிக்காகப் பல்லிகளை அளக்க வேண்டும் என்று நீங்கள் வந்து நின்றபோது சிரித்துவிட்டேன். ஒவ்வொன்றையும் பிடித்துப் பாலிதீன் பைக்குள் விட்டு, நெளியாமல் அழுத்தி, ஸ்கேலை வைப்பீர்கள். மூக்கு நுனியிலிருந்து கழிவுத் துவாரம் வரை. அதோடு நிறுத்திவிடுவீர்கள்.

"வாலு என்ன பாவம் செஞ்சுச்சு?" என்றேன்.

"வாலு அறும், மொளைக்கும். அத நம்பி அளந்தா வளந்துச்சா இல்லையான்னே தெரியாது அய்யா."

அளந்ததை அடையாளமிட்டுச் சுவரிலேயே திரும்ப விடுவீர்கள். மாதங்கள் கழித்து அதையே பிடித்து மறுபடி அளப்பீர்கள். கடைசியாக ஒருமுறை அளந்தால் வேலை முடிந்தது என்றீர்கள்.

அதற்குள் மகள் கல்யாணத்துக்கென்று மெட்ராஸிலிருந்து வீட்டுக்கார ஆச்சி வந்து இறங்கினார்கள்.

"ஒரு வாரம் பொறுங்க ஆச்சி, நானே பிடிச்சு வெளிய விட்டுர்றேன்" என்று கெஞ்சினீர்கள்.

"மாப்பிள்ளை தலையில விழுந்தா பலன் நீங்களா வந்து சொல்லுவீக? இது என் வீடா, பல்லி வீடா?"

மறுநாளே மருந்து அடித்தார்கள். முற்றத்தில் கூட்டிக் குவித்த செத்த பல்லிகளின் முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து, ஒவ்வொன்றாக எடுத்து அளந்தீர்கள். அழவில்லை.

"செத்ததையுமா அளப்பீக?"

"செத்ததுதான் நெளியாது. சுளுவா அளக்கலாம்."

மாடியிலிருந்து ஆச்சி சிரித்தார்கள். "பல்லிக்குச் சட்டை தைக்கப் போறீகளா டீச்சர்?"

ஸ்கேலை அங்கேயே போட்டுவிட்டு எழுந்து போனீர்கள். அப்புறம் வரவேயில்லை. நோய் என்று கேள்விப்பட்டேன். பிறகு சாவு என்று. காரைக்குடியில் உங்கள் வாசலுக்கு நான் வந்து சேர்ந்தபோது ஐஸ் பெட்டிக்காரன் உங்கள் தம்பியிடம் கேட்டுக்கொண்டிருந்தான்: "ஆளு என்ன நீளம்ணே?"

உள்ளே எட்டிப் பார்த்தேன். நெளியாமல் கிடந்தீர்கள்.

கொடுக்கலாம் என்று கொண்டுபோன ஸ்கேல் மடியிலேயே திரும்பி வந்தது. இப்போதும் சுவரில் பல்லியைக் கண்டால் என் கண் மூக்கில் தொடங்கி, வாலைத் தொடாமல் நின்றுவிடுகிறது. இன்று குப்பையிலிருந்து ஒன்றை எடுத்து ஸ்கேலில் வைத்தேன். எண் படிக்கத் தெரியாதவன். உடம்பு முடிந்த இடத்தில் ஆணியால் ஒரு கீறல் போட்டு வைத்திருக்கிறேன். வாங்கிப் பார்க்கத்தான் ஆள் இல்லை.