ஒரு கதை பத்து விளம்பரம்

மார்ச் 3

அன்புள்ள அண்ணாவுக்கு,

போனில் என்ன கேட்டாலும் "ம்" என்கிறாய். அதனால்தான் எழுதுகிறேன். கடிதத்தில் "ம்" என்று எழுத உனக்கே கூச்சமாக இருக்கும்.

உன் கம்பெனியில் நான் எடுத்த வகுப்பு இவ்வளவு நன்றாகப் போகும் என்று நினைக்கவில்லை. நீ மேனேஜரிடம் வாய்விட்டுக் கேட்டு வாங்கித் தந்த வாய்ப்பு அது. நாலு பேர் முன்னால் பேசத் தயங்குகிறவர்களுக்குத் துணிச்சல் பழக்குவது என் தொழிலில் பாதிதான். கட்டணத்தைக் கூசாமல் சொல்வது, ஒத்துவராத ஆளை நாசூக்காகத் தவிர்ப்பது, கேட்டவர் மறக்காத கதை ஒன்றைக் கையில் வைத்திருப்பது எல்லாம் மீதிப் பாதி. "ஒரு நிஜக் கதை பத்து விளம்பரத்துக்குச் சமம்" என்பார் எங்களுக்குப் பாடம் நடத்திய மேடம். அன்று கண்ணால் பார்த்தேன். கூட்டமே குலுங்கிச் சிரித்தது. முடிந்ததும் சிலர் வந்து தனியாகப் பயிற்சி வேண்டும் என்றார்கள்.

நீ மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் போய்விட்டாய். கேன்டீனில் காத்திருந்து, கடைசியில் உன் மேனேஜரோடு சாப்பிட்டேன். தங்கை பெரிய ஆளாகிவிட்டாள் என்று பொறாமையா? அண்ணியை விசாரித்ததாகச் சொல்.

உன்
வாயாடி

மார்ச் 9

அன்புள்ள வாயாடிக்கு,

அண்ணி நலம். பொறாமை இல்லை.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். நீ இந்தத் தொழிலுக்குப் படித்தபோது, பயிற்சி கொடுத்துப் பழக ஆள் கிடைக்காமல் ஞாயிறுதோறும் என்னை உன் சமையலறையில் உட்காரவைத்தாய். "எதுவா இருந்தாலும் சொல்லுண்ணா, இந்தச் சுவரைத் தாண்டாது" என்றாய். அதை நம்பி, கட்டிய மனைவியிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னேன். திங்கட்கிழமைக் கூட்டத்துக்கு முன்னால், மாடிப்படித் திருப்பத்தில் மாட்டியிருக்கும் தீயணைப்பு உருளையைப் பார்த்து என் அறிக்கையை ஒப்பிப்பேன் என்று.

அதையே அன்று வகுப்பில் கதையாகச் சொன்னாய். என்னைப் பள்ளி ஆசிரியர் ஆக்கினாய். உருளையை உருளையாகவே விட்டுவிட்டாய். எங்கள் கட்டடத்துக்கு ஒரே படிக்கட்டுதான். அங்கே நான் முணுமுணுப்பதைப் பார்க்காதவர்கள் குறைவு. செல்போனில் பேசுகிறேன் என்று நினைத்திருந்தார்கள். நீ சொல்லச் சொல்ல ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. எல்லோரும் சிரித்தார்கள், நீ சிரித்தாய், கடைசியில் நானும் சிரித்தேன். நான் சிரித்ததை நினைத்தால்தான் இன்னும் உடம்பு கூசுகிறது.

மறுநாள் உருளைமேல் ஒரு தாள் ஒட்டியிருந்தது. "அறிக்கைகள் இங்கே பெற்றுக்கொள்ளப்படும்." ஒட்டியவன் கிடங்கில் எனக்குக் கீழே வேலை பார்ப்பவன். நான் கிழிக்கவில்லை. கிழித்தால் அது நான்தான் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். இப்போது சரக்கு லிஃப்டில் போய்வருகிறேன்.

உன்னைத் திட்ட எழுதவில்லை. நீ பேச ஆரம்பிக்கும் முன் பக்கத்து நாற்காலிக்காரரிடம் "என் தங்கச்சிதான்" என்று சொல்லியிருந்தேன். அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

அண்ணன்

மார்ச் 14

அண்ணா,

எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை. தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொன்னால் அதுவும் பொய். வழக்கமாக வேறு கதைதான் சொல்வேன். அன்று கூட்டம் கொட்டாவி விட்டது. உன் கதை கைக்கு எட்டியது, எடுத்துவிட்டேன். நீ எதிரில் உட்கார்ந்திருப்பது தெரிந்தேதான் எடுத்தேன். அண்ணன்தானே, பொறுத்துக்கொள்வான் என்று நினைத்தேன். என்னிடம் கட்டணம் கட்டி வருகிறவர்களைப் பற்றி ஒரு வார்த்தை வெளியே விடமாட்டேன். எனக்கு உதவி செய்ய வந்து உட்கார்ந்த உன்னை விற்றுவிட்டேன்.

நான் வந்து எல்லோர் முன்னாலும் அது கற்பனைக் கதை என்று சொல்லட்டுமா? நீ சொன்னால் நாளைக்கே கிளம்புகிறேன்.

தங்கை

மார்ச் 21

அன்புள்ள தங்கைக்கு,

இங்கு அனைவரும் நலம். வேலை நன்றாகப் போகிறது. நீ வர வேண்டாம். உடம்பைப் பார்த்துக்கொள்.

அண்ணன்

ஏப்ரல் 2

அண்ணா,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அதில் ஒரு குறைகூட இல்லை. பல்வலி, முதுகுவலி, மேனேஜர் பூசிவரும் சென்ட், இப்படி எதையாவது புலம்பாமல் நீ எனக்கு எழுதியதே கிடையாது. யாரோ ஒருத்திக்கு எழுதுவதுபோல எழுதியிருக்கிறாய். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

உன் மேனேஜர் கூப்பிட்டார். எல்லாக் கிளைகளிலும் வருடம் முழுக்க நான் வகுப்பு எடுக்க வேண்டுமாம். "அந்த உருளைக் கதையை மட்டும் விட்றாதீங்க மேடம்" என்றார். என் தொழில் தலைநிமிர அந்த ஒரு ஒப்பந்தம் போதும். "இல்ல சார், என்னால முடியாது" என்று சொல்லிவிட்டேன்.

இதைக் கேட்டால் நீ மனம் இறங்குவாய் என்றுதான் எழுத நினைத்தேன். ஆனால் போனை வைத்த கையோடு நான் என்ன செய்தேன் தெரியுமா? தேடி வந்த வாய்ப்பை அண்ணனுக்காக உதறினேன் என்று அடுத்த மேடையில் சொன்னால் எவ்வளவு எடுபடும் என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எங்கே நிறுத்த வேண்டும், எங்கே குரலைத் தாழ்த்த வேண்டும் என்பதுவரை போய்விட்டேன். பிறகுதான் சுரீரென்றது. என்னை நினைத்து எனக்கே கூசியது அண்ணா, அந்தக் கூச்சம் இன்னும் போகவில்லை.

அதனால் நீ யாரோ ஒருத்திக்குப் போல எழுதியது சரிதான். இனி உன் மனசில் இருப்பதை என்னிடம் சொல்லாதே. நான் கெஞ்சிக் கேட்டாலும் சொல்லாதே. அண்ணியிடம் சொல்.

தங்கை