இடம் மாறிய புடவைப் பெட்டி

வடிவு,

நீ கோயிலிலிருந்து வரும்வரை காத்திருக்க முகமில்லை. புடவை விற்க வேனில் சேலம் கிளம்பிவிட்டேன்.

வேனில் படுக்கப் பலகை அடித்து, அடியில் புடவைப் பெட்டியைத் தள்ளியதும் நேற்று நீ கேட்டாய்: "யாரோ பொண்ணு மணையில கட்டிக்கப்போற முகூர்த்தப் புடவை. அதுமேல கால நீட்டிக்கினு தூங்குவியா?"

உன் அண்ணன் எதிரிலேயே, "நெய்யறதோட உன் வேலை முடிஞ்சுது, போ" என்றேன்.

இன்று நீ போனதும் படுத்துப் பார்த்தேன். குதிகால் சரியாகப் பெட்டி மூடிக்கு மேலே. உடம்பே கூசிவிட்டது. தலைக்கு மேல் பரண் அடித்துப் பெட்டியை ஏற்றிவிட்டேன்.

கூழ் மூடியிருக்கிறது, குடி. வாசலில் ஆணி சிதறியிருக்கும், பார்த்து நட.

சிட்டிபாபு

மறந்துவிட்டேன்: இப்போது எழுந்து உட்கார்ந்தால் பரண் மண்டையில் இடிக்கிறது. இடிக்கட்டும்.