சுவரில் வரைந்த தூண்கள்

அன்பு மகள் பெனினாவுக்கு அம்மா லூசியா எழுதுவது. நானும் உன் தம்பியும் பன்றிகளும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகம். பிரிஸ்பேனில் குளிர் என்றாயே, காலுறை போடாமல் படுக்காதே. இங்கே சுகமில்லாதது ஊர்ப் பெரியவர்களின் புத்தி ஒன்றுதான், அதற்கு மருந்தும் கிடையாது.

புயலில் சாய்ந்த சபைக்கூடத்துக்குப் பதிலாகப் புதியது எழும்பிவிட்டது. தலைவர் தோலுவோனோவின் மகன் சிட்னியிலிருந்து படம் வரைந்து அனுப்ப, இவர் குதியாய்க் குதித்துக் கட்டி முடித்தார். பழைய கூடத்துக்குச் சுவரே இல்லை, எந்தப் பெரியவர் தூங்கி வழிகிறார் என்று தெருவில் போகிற பெண்கள் பார்த்துச் சிரிக்கலாம், யாருக்கு என்ன அபராதம் என்று எல்லோருக்கும் கேட்கும், ஒரு ஆணி இல்லாமல், தென்னைநார்க் கயிற்றால் கட்டி, சுற்றியுள்ள தூண்கள் மேலேயே அவ்வளவு பெரிய கூரை நின்றது. இப்போது சுவர், கண்ணாடி ஜன்னல், பூட்டு, சாவி தோலுவோனோவின் இடுப்பில். உள்ளே வெந்து சாகிறார்கள், பேச்சு வெளியே வருவதில்லை. வெளியே வரும்படி அவர்கள் பேசிக் கிழிப்பதும் இல்லை.

அப்பா போனபின் குடும்பமே கூடி அவருடைய லேவாசா என்ற குடும்பத் தலைவர் பட்டத்தை உனக்கென்று முடிவு செய்து, பழைய கூடத்தில் போய்ச் சொன்னோமே, அன்று அந்தத் தோலுவோனோ சொன்னது இன்னும் என் காதில் எரிகிறது. “பட்டத்த உங்க வீட்டுல யாருக்கு வேணாலும் குடுத்துக்குங்க. இந்தக் கூடத்துல பொம்பள சாயுறதுக்குத் தூணு கெடையாது” என்றார். பட்டத்துக்கு ஒரு தூண், தூண் இல்லாதவருக்குச் சபையில் இடமில்லை, இடமில்லாதவருக்குப் பேச்சில்லை. “அவ அப்பா சாய்ஞ்ச தூணு இருக்குதே” என்றேன். “அது ஆம்பளத் தூணு” என்றார். மரத்தில் ஆண் பெண் பார்த்த மகான்.

அந்த மகான்தான் “தூணே இல்லாத கூடம், ஏர்போர்ட் மாதிரி” என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார். முதல் சபை அன்று எல்லோரும் உள்ளே போய்த் திருதிருவென்று விழித்தார்கள். எது மேலிடம், எது கீழிடம், யாருக்கும் தெரியவில்லை. முதல் கிண்ணம் காவா பானத்தை யாரிடம் நீட்டுவது என்று தெரியாமல் பரிமாறுகிறவன் நடுவில் நின்றான். ஒருவர் வழக்கம்போல் பின்னால் சாய்ந்து ஜன்னல் கண்ணாடியை உடைத்தார். நாங்கள் வெளியே ஓலை விசிறியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தோம்.

மறுவாரம் என்ன செய்தார்கள் தெரியுமா? வெள்ளைச் சுவரில் பழுப்புப் பெயிண்டால் ஆளுக்கொரு தூண் வரைந்துகொண்டார்கள்! அதில் முதுகைச் சாய்த்து முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டார்கள். பெயிண்ட் காயவில்லை, தோலுவோனோவின் கோயில் சட்டை முதுகில் ஒரு தூணோடு வீட்டுக்குப் போனது. லேவாசா பட்டத்துக்கு மட்டும் தூண் வரையவில்லை. அதைப் பார்த்தபோது எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது, உன் அப்பா இன்னொரு முறை செத்தது போல இருந்தது.

கூடத்தைப் பெருக்கித் துடைப்பது பெண்கள் சங்கத்தின் வேலை, அதனால் சனிக்கிழமை சாவி என் கைக்கு வரும். மீதிப் பெயிண்ட் மூலையிலேயே கிடந்தது. பழைய கூடத்தில் அப்பா உட்கார்ந்த அதே கடல் பக்கத்தில், உன் தம்பியின் பள்ளி ஸ்கேலை வைத்து நேராக ஒரு தூண் வரைந்தேன். சாவி வாங்க வந்த தோலுவோனோ “யாரு இதப் போட்டது? அழி!” என்று கத்தினார். “அழிக்கிறேன் ஐயா, இதுவும் பெயிண்டு, ஒங்களுதும் பெயிண்டு. எதுல இருந்து ஆரம்பிக்கட்டும்?” என்று ஈரத்துணியோடு நின்றேன். என் தூணைப் பார்த்தார், தன் தூணைப் பார்த்தார். சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த சபையில் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். இட நெருக்கடியில் ஒருவர் மடியில் ஒருவர் உட்காராத குறை. உன் தூணில் மட்டும் யாரும் சாயவில்லை மகளே, அந்த இடத்தை விட்டுத் தள்ளியே உட்கார்ந்திருந்தார்கள்.

கிறிஸ்துமஸுக்கு வந்து சேர். அதுவரை தினமும் சம்மணம் போட்டுப் பழகு, நாற்காலி வேலையில் உன் முட்டி கெட்டிருக்கும், சபையில் காலை நீட்டினால் அதையே பிடித்துக்கொள்வார்கள். ஆண்டவர் உன்னையும் உன் நாக்கையும் காப்பாராக, இரண்டும் இங்கே வேண்டும். வெள்ளைச் சட்டை கொண்டுவராதே, நீ வருவதற்குள் இன்னொரு பூச்சு அடித்துவைக்கப் போகிறேன்.

நகக்கண்ணில் பழுப்பு இன்னும் போகாத உன் அம்மா,
லூசியா