பெஞ்சின் மேல் ஒரு துண்டு

பிப்ரவரி 24, செவ்வாய்

இன்றைக்கு லேபில் மூன்று பல் செட் முடித்தேன். முழு செட் கேட்டிருந்த ஒரு அம்மா, "சிரிச்சா தெரியக்கூடாது, கடிச்சா தெரியணும்" என்று டாக்டரிடம் சொல்லி அனுப்பியிருந்தார். எல்லோரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பு மாறாமல் வீட்டுக்கு வந்தால் வாசலில் ஒரு பெட்டி. பெட்டிக்குப் பக்கத்தில் இவர்.

போன வருஷம் ஏப்ரலில், "கொஞ்ச நாள் தனியா இருக்கணும் போல இருக்கு" என்று சொல்லிவிட்டுப் போன என் வீட்டுக்காரர். கூட வேலை பார்க்கும் லிஃப்ட் மெக்கானிக் ஒருவரின் மாடி அறையில் இருந்தாராம். வேறொருத்தி கிடையாது. எல்லோரும் விசாரித்தாயிற்று, நானும் விசாரித்தாயிற்று. குடி இல்லை, கடன் இல்லை, நோய் இல்லை. சும்மா போயிருக்கிறார். வேறொருத்தி இருந்திருந்தாலாவது திட்டுவதற்கு எனக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

"வந்துட்டேன்" என்றார். கேஸ் சிலிண்டர் கொண்டுவந்த ஆள் சொல்வது போல.

உள்ளே விடவில்லை. உங்க அக்கா வீட்டுக்குப் போங்க என்றேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். முகத்தில் வருத்தமில்லை, பஸ்ஸைத் தவறவிட்டவரின் எரிச்சல்தான் இருந்தது. நான் கதவைச் சாத்திவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டேன்.

பிப்ரவரி 28, சனி

நாத்தனார் வந்தார். இவரைவிட ஆறு வயது மூத்தவர், தபால் ஆபீஸில் கவுன்டரில் இருப்பவர். தம்பிக்குப் பரிந்து பேச வந்திருக்கிறாரோ என்று நினைத்தேன். இல்லை. "அவன் பண்ணது தப்பு. நீ சேத்துக்கணும்னு நான் சொல்லமாட்டேன். ஆனா முடிவு பண்றதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு தடவ நடந்து பாருங்க" என்றார்.

நடந்து என்றால், மலைமேல் சமாதிக்கு. பெரிய யாத்திரைகளைப் போல அங்கே கூட்டம் சேராது. பாதிப் பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஒரு வழி துறைமுகத்திலிருந்து கிளம்புகிறது, ஒன்று ரயிலடியிலிருந்து, ஒன்று பழைய கல்குவாரியிலிருந்து. மூன்றும் மலையடிவாரத்தில் ஒரு கூடத்தில் சேரும். அங்கிருந்து மேலே ஒரே பாதை. மேலே அடங்கியிருக்கும் மூன்று சகோதரர்கள் மூன்று ஊரிலிருந்து கிளம்பி வந்தார்களாம். கடைசி ஆள் வந்து சேரும்வரை மற்ற இருவரும் அந்தக் கூடத்தில் உட்கார்ந்தே இருந்தார்களாம். அதனால் இன்றைக்கும், பிரிந்தவர்கள் தனித்தனி வழியில் கிளம்புகிறார்கள். முதலில் வந்தவர் பெஞ்சில் காத்திருக்க வேண்டும். பின்னால் வந்தவரின் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, சேர்ந்து மேலே ஏற வேண்டும். அவ்வளவுதான் முறை.

எனக்குச் சாமியிடம் பெரிதாக வேலை ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பெஞ்ச் மனசில் ஒட்டிக்கொண்டது. இந்த மனிதர் எதற்குக் காத்திருந்திருக்கிறார்? வரிசையில் முன்னால் நாலு பேர் நின்றால் திரும்பி வந்துவிடுவார். எனக்குப் பிரசவ வலி எடுத்த அன்று, "இன்னும் நேரமாகும் போல" என்று எங்கேயோ லிஃப்ட் பார்க்கப் போய்விட்டு, பெண் பிறந்து குளிப்பாட்டி வைத்த பிறகு வந்தார். உட்காரத் தெரியாத ஜென்மம், என்ன செய்வது என்று சொல்லிச் சொல்லியே நானும் இத்தனை வருஷம் ஓட்டிவிட்டேன்.

மார்ச் 1, ஞாயிறு

நானே போன் பண்ணிச் சொன்னேன். இரண்டு பேரும் ஒரே நாளில் கிளம்ப வேண்டும். எனக்குத் துறைமுக வழி, இருப்பதிலேயே நீளம். அவருக்கு ரயிலடி வழி, குறுக்கு. அவர்தான் முதலில் போய்ச் சேர்வார், இரண்டு நாள் உட்கார வேண்டியிருக்கும். உட்கார்ந்திருந்தால் பெட்டியை உள்ளே எடுத்து வைக்கலாம். இல்லையென்றால் இல்லை. வேறு எதுவும் நான் கேட்கவில்லை, மன்னிப்புகூடக் கேட்கச் சொல்லவில்லை.

"ரெண்டு நாள்தானே, சரி" என்றார்.

ஹாஸ்டலில் இருக்கும் மகளிடம் சொன்னேன். என்னை எந்தப் பக்கமும் இழுக்காதேம்மா என்றாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டு, நல்ல செருப்பாக வாங்கிக்கொள் என்றாள்.

மார்ச் 6, வெள்ளி

லீவு கிடைத்தது. பக்கத்து மேசைக்காரி மெழுகைச் சுரண்டிக்கொண்டே கேட்டாள்: "பரீட்சை உன் புருஷனுக்கு. நீ ஏன்டி நடக்கற?"

வீட்டுக்கு வந்து இரண்டு மணி நேரமாக அதைத்தான் யோசிக்கிறேன்.

மார்ச் 9, திங்கள்

துறைமுக கேட்டுக்கு எதிரே, லாரிகள் நிற்கும் இடத்தில் ஆரம்பம். சுவரில் சுண்ணாம்பால் ஒரு பாதம் வரைந்திருக்கிறது. அந்தப் பாதத்தைத் தேடிக்கொண்டே நடக்க வேண்டும். கிடங்குச் சுவர், மின்கம்பம், பாலத்தின் அடி என்று எங்கெங்கோ இருக்கிறது. சில இடத்தில் மேலே சினிமா போஸ்டர் ஒட்டிவிட்டார்கள்.

கூட நடந்தது மொத்தம் ஏழெட்டுப் பேர். அதில் ஒரு அம்மா போக்குவரத்து போலீஸில் இருந்து ரிடையர் ஆனவர். சாலையைக் கடக்கும்போதெல்லாம் கையை நீட்டி லாரியை நிறுத்திவிடுகிறார், அவையும் நின்றுவிடுகின்றன. நான் அவருக்கு விசில் என்று பெயர் வைத்திருக்கிறேன். யாருக்காக நடக்கிறாய் என்று கேட்டார். வீட்டுக்காரருக்காக என்று சொல்ல வாய் வரவில்லை. பெஞ்சைப் பார்க்கப் போகிறேன் என்றேன். விழுந்து விழுந்து சிரித்தார்.

மார்ச் 10, செவ்வாய்

குதிகால் கொப்புளம். இவருக்குக் கொப்புளம் வந்திருக்காது, எழுதித் தருகிறேன்.

மார்ச் 12, வியாழன்

மழை. ஒரு பள்ளிக்கூட வராந்தாவில் ஒதுங்கினோம். துணியெல்லாம் ஈரம், இந்த நோட்டும் ஓரத்தில் ஈரம்.

விசில் தன் கதையைச் சொன்னார். தங்கச்சியோடு பேச்சில்லை. என்ன சண்டை என்று இப்போது இரண்டு பேருக்குமே சரியாக ஞாபகமில்லையாம். வருஷா வருஷம் இவர் துறைமுக வழியில் வருவார், தங்கச்சி குவாரி வழியில் வர வேண்டும். வந்ததே இல்லை. இவர் பெஞ்சில் பத்து நாளாவது உட்கார்ந்துவிட்டு, மேலே ஏறாமலே திரும்பிவிடுவாராம். அலுத்துப்போகலையா என்று கேட்டேன். "டிராஃபிக்ல நிக்கறதுக்கு அது எவ்வளவோ தேவலாம்மா" என்றார்.

வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். இன்று நடக்கும்போது ஒரு நினைப்பு வந்தது. இந்நேரம் அவர் போய்ச் சேர்ந்திருப்பார். பெஞ்சில் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருப்பார், பக்கத்தில் இருப்பவரிடம் லிஃப்ட் கயிற்றைப் பற்றிப் பேசி அறுப்பார். நான் போனதும் எழுந்து நிற்பார். என் பையை வாங்குவார். நினைக்கும்போதே நடை வேகமாகிவிட்டது. அடிப்பாவி, உனக்கு இன்னும் ஆசை விடவில்லையா? விடவில்லை. அதுதான் உண்மை. அவர் உட்கார்ந்திருக்க வேண்டும் என்றுதான் நான் நடக்கிறேன்.

மார்ச் 14, சனி

மதியம் கூடத்தை அடைந்தோம். தகரக் கூரை, மூன்று பக்கமும் திறப்பு, நடுவில் நீளமான மர பெஞ்சுகள். பத்துப் பேர் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் அதிகம் பேசவில்லை. யாராவது பாதையில் தெரிந்தால் எல்லோரும் ஒரே நேரத்தில் தலையைத் தூக்குகிறார்கள். எங்களைப் பார்த்தும் தூக்கினார்கள், தாங்கள் தேடும் ஆள் இல்லை என்றதும் குனிந்துகொண்டார்கள்.

அவர் இல்லை.

மூன்றாவது பெஞ்சில் ஒரு துண்டு விரித்திருந்தது. நீலக் கரை. நான் துவைத்துத் துவைத்து வெளுத்த துண்டு, எனக்குத் தெரியாதா?

கூடத்தைப் பெருக்கும் அம்மா வந்தார். "அந்த இடத்துக்கு ஆள் இருக்கு. துண்டைப் பாத்துக்கச் சொல்லிட்டு நேத்து காலைல மேல போனாரு. சாயங்காலமே இறங்கிட்டாரு. டீக்கடைல இருப்பாரு பாருங்க."

நான் போகவில்லை. அவரே வந்தார், கையில் டீ கிளாஸோடு.

"வந்துட்டியா? நான் நேத்தே மேல போய்ட்டு வந்துட்டேன். சும்மா உக்காந்து என்ன பண்றது சொல்லு. இடம் போட்டுட்டுத்தானே போனேன்."

அவர் முகத்தில் கள்ளம் எதுவும் இல்லை. அதுதான் என்னைக் கொன்றது. நிஜமாகவே கெட்டிக்காரத்தனம் பண்ணிவிட்டதாக நினைக்கிறார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டுவிட்டு வெற்றிலை வாங்கப் போகிறவர்கள் இருக்கிறார்களே, அந்த நிம்மதி. போன ஏப்ரலில் பீரோவில் சட்டைகளை அப்படியே விட்டுவிட்டுப் போனாரே, அதுவும் இதுதான். நான் அந்தச் சட்டைகளைப் பார்த்துப் பார்த்து, மனுஷன் வந்துவிடுவார், இல்லையென்றால் எடுத்துப் போயிருப்பாரே என்று நம்பிக்கொண்டிருந்தேன். இடம் போட்டு வைத்திருந்திருக்கிறார். நான் பஸ் சீட்டு.

என் பையைப் பிடித்தார். "குடு, இன்னொரு தடவ ஏறிடலாம். எனக்கு ஒண்ணும் சிரமமில்ல."

பையை இழுத்துக்கொண்டேன். "நீங்க உக்காருங்க" என்றேன். குரல் உயரவில்லை. ஆனால் பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள்.

விசில் தங்கச்சிக்காக ஓரத்தில் ஒரு இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டார். நாங்கள் பெண்கள் பக்கத்து அறையில் படுத்துக்கொண்டோம். பல்லைக் கடித்துக் கடித்து எனக்குத் தாடை வலிக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

விடிந்ததும் ஏறினேன். அவர் பெஞ்சில் தூங்கிக்கொண்டிருந்தார். எழுப்பவில்லை. என் பையை நானே தூக்கினேன், என்ன பெரிய பாரம்.

மேலே மூன்று சமாதிகள், மூன்றுக்கும் சேர்த்து ஒரே கூரை. ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. சுற்றிலும் ஜோடி ஜோடியாக வந்தவர்கள். ஒரு வயதான அண்ணன், தன்னைவிட வயதானவராகத் தெரிந்த தம்பியின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். எனக்கு வயிறு எரிந்தது. அப்படி ஒரு பொறாமை. புனிதமான இடத்தில் படக்கூடாது என்பார்கள். பட்டேன்.

பின்பக்கம் ஒரு வழியில் தனியாகச் சிலர் ஏறி வந்துகொண்டிருந்தார்கள். நாலாவது வழியாம், மலைக்கு அந்தப் பக்கத்து ஊரிலிருந்து நேராக மேலே வருவது. கூடத்தைத் தொடாது. இறங்கலாமா என்று பூசை செய்கிறவரிடம் கேட்டேன். "இறங்கலாமே. யாராவது கீழ காத்திருக்காங்களா?" என்றார்.

இல்லை என்றேன். இறங்கிவிட்டேன். கீழே பஸ் ஸ்டாண்டிலிருந்து நாத்தனாருக்குப் போன் செய்து, நான் வீட்டுக்குப் போகிறேன், அவரிடம் சொல்லிவிடுங்கள், தேட வேண்டாம் என்றேன். பஸ்ஸில் என் பக்கத்து இடம் காலி. பையை அங்கே வைத்தேன், பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

மார்ச் 16, திங்கள்

நாள் முழுக்கத் தூங்கினேன்.

மார்ச் 19, வியாழன்

லேபில் கவனம் தப்பி ஒரு மோல்டை உடைத்துவிட்டேன். டாக்டர் திட்டாமல் இன்னொன்று செய்யச் சொன்னார். அதுவே அவமானமாக இருந்தது.

சாயங்காலம் நாத்தனார் போன்.

"அவன் இன்னும் அங்கதான் இருக்கான். நீ வீட்டுக்குப் போய்ட்டன்னு அன்னிக்கே சொல்லிட்டேன். தெரியும்ங்கறான். தெரிஞ்சும் பெஞ்ச விட்டு எழுந்திருக்க மாட்டேங்கறான். பெருக்கற அம்மா பாவம் பாத்து சாப்பாடு குடுக்குதாம்."

போய் அழைத்து வா என்று அவர் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று நினைத்திருப்பார். பிறகு மெதுவாக, "உக்காந்திருக்கான்மா" என்றார்.

போனை வைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நாத்தனார் பார்த்திருந்தால் அதை இரக்கம் என்று நினைத்திருப்பார். இரக்கமில்லை. உட்காரத் தெரியாதவர் என்றுதானே நினைத்தேன்? பிரசவ ஆஸ்பத்திரி, மகளின் பள்ளிக்கூடக் கூட்டம், என் அம்மா செத்துக்கிடந்த கூடம், எல்லா இடத்திலும் பாதியில் எழுந்து போனாரே, அது அவர் உடம்பின் வாகு, கட்டிப்போட முடியாது என்று நினைத்துத்தானே பொறுத்தேன்? இப்போது உட்கார்ந்திருக்கிறார். நாள் கணக்காக உட்கார்ந்திருக்கிறார். முடிகிறதே அவருக்கு. எப்பவும் முடிஞ்சிருக்குமே. எனக்காக ஒரு தடவ செஞ்சிருக்கலாமே, பாவி மனுஷா, ஒரே ஒரு தடவ.

உட்காரத் தெரியாமல் அப்படிச் செய்தார் என்பதுதான் என்னிடம் மிச்சம் இருந்த ஒரே சமாதானம். அதையும் பெஞ்சில் உட்கார்ந்து பிடுங்கிக்கொண்டார்.

மார்ச் 23, திங்கள்

இவர் பெஞ்சை விட்டு எழுந்து வந்துவிட்டாராம். அக்கா வீட்டில் இருக்கிறார். விசில் இன்னும் அங்கேதானாம், தங்கச்சி இந்த வருஷமும் வரவில்லை.

ஏப்ரல் 2, வியாழன்

பூட்டு மாற்றுகிறவர் வந்தார். பழையது நன்றாகத்தானே இருக்கிறது, ஏன் மாற்றுகிறீர்கள் என்று கேட்டார். மாற்றுங்கள் என்றேன். இரண்டு சாவி கொடுத்தார்.

சாயங்காலம் நாத்தனார் வேலை முடிந்து நேராக இங்கே வந்தார். அவசரத்துக்கு யாரிடமாவது ஒன்று இருக்கட்டும் என்று ஒரு சாவியை அவரிடம் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்தார். சொந்தத் தம்பி. அவருக்கும் கஷ்டம்தானே.

"அவன்கிட்ட குடுக்கமாட்டேன்" என்று அவராகவே சொல்லிவிட்டு, பர்ஸின் உள்அறையில் போட்டு ஜிப்பை இழுத்தார்.

பிறகு இரண்டு பேரும் டீ குடித்தோம். சர்க்கரை குறைவாக இருக்கிறது என்றார், போட்டுக்கொடுத்தேன்.