கோட்டை வாசலில் விடைபெறும் காட்சி

மார்ச் 3

அன்புள்ள குட்டிக்கு,

நலம். நீயும் அம்மாவும் நலம்தானே? ஒருவழியாகப் படம் முடிந்துவிட்டது. நீ அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, இருவருமாக அழுது தீர்த்த அதே நாவல்தான். கோட்டையைக் காக்கும் தளபதி உன் புருஷன். இரும்புக் கவசம் தோளைத் தின்றுவிட்டது. குதிரை இரண்டு தடவை உருட்டிவிட்டது. மாதக்கணக்காக வீட்டுப் பக்கம் வரவில்லையே என்று கோபிக்காதே, வேலை அப்படி.

வெள்ளிக்கிழமை நம் ஊருக்குப் படம் வருகிறது. அம்மாவையும் கூட்டிக்கொண்டு போ. ஊமைப்படம்தானே, காது கேட்காத குறை உனக்கு அங்கே தெரியாது. தளபதி இளவரசியிடம் விடைபெறும் காட்சியை மட்டும் தவறவிடாதே.

அன்புடன்,
உன்னவன்

மார்ச் 12

அன்புள்ள உங்களுக்கு,

பார்த்தோம். நீங்கள் திரையில் வந்ததும் அத்தை எழுந்தே நின்றுவிட்டார்கள். பின்வரிசைக்காரர்கள் திட்டியது எனக்குக் கேட்கவில்லை, வாயசைவில் தெரிந்தது.

விடைபெறும் காட்சியும் வந்தது. 'நாட்டைக் காத்துத் திரும்புவேன்' என்று திரையில் எழுத்துப் போட்டார்கள். கொட்டகையே மூக்கைச் சிந்தியது. உங்கள் உதடு சொன்னது வேறு.

"வீட்ல இருக்கிற செவிடோட இனிமே என்னால வாழ முடியாது. எனக்கு நீ போதும்."

இளவரசியாக நடித்தவள் குனிந்து சிரிப்பை அடக்கினாள். அழுகிறாள் என்று எல்லாரும் நினைத்தார்கள்.

அத்தைக்கு எழுத்து வாசிக்கத் தெரியாதே. என் முகவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பி, "என்னம்மா சொல்றான் என் புள்ள?" என்றார்கள்.

"சீக்கிரம் வீட்டுக்கு வரேன்னு சொல்றாரு அத்தை" என்றேன். அன்றிலிருந்து உங்கள் அறையைக் கூட்டிப் பெருக்கிக்கொண்டே இருக்கிறார்கள்.

விளையாட்டுக்கு யாராவது அப்படிச் சொல்லச் சொன்னார்களா? ஆமாம் என்று ஒரு வரி எழுதுங்கள். நம்பிவிடுகிறேன்.

உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்,
குட்டி

மார்ச் 20

குட்டிக்கு,

யாரும் சொல்லச் சொல்லவில்லை. நேரில் வந்து சொல்லத்தான் நினைத்தேன். நீ என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்பாய், எனக்கு வார்த்தை வராது. படம் பிடிக்கும்போது அந்தத் தொல்லை இல்லை. நாம் என்ன பேசினாலும் அங்கே யாரும் கண்டுகொள்வதில்லை. அந்த இடத்தில் என் முகத்தைக் கிட்டத்தில் எடுக்கச் சொன்னதே நான்தான்.

அம்மாவிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடு. உன் பேச்சைத்தான் கேட்பாள்.

உன் கண் ஏமாற்றவில்லை. இன்னும் சந்தேகமாக இருந்தால் மறுபடி ஒரு தடவை போய்ப் பார், இந்த வாரமும் படம் ஓடுகிறது. உனக்குப் புரியட்டும் என்று மெதுவாகத்தானே சொன்னேன்?