ஏழு நிமிடத் தங்கைக்கு ஒரு வீட்டுப்பாடம்

லாரேடோ, புதன்

ஏழு நிமிடம் இளையவளே,

பதினோரு வருஷமாகப் பேசாதவளுக்கு எதை எழுதுவது? ஒரு விளையாட்டைப் பற்றி எழுதுகிறேன்.

செவ்வாய்தோறும் டயாலிசிஸ் முடிந்து, அசதியில் ஆற்றில் மிதக்கிற மாதிரி மாதா கோவில் கூடத்துக்குப் போவேன். அங்கே சிறுநீரக நோயாளிகளுக்கு வகுப்பு. சின்ன வயதில் நாம் ஆடிய லொத்தேரியா படச்சீட்டுகளை வைத்தே நர்ஸ் எவுலாலியா பாடம் நடத்துகிறாள். அவள் விடுகதை போடுவாள். நாங்கள் அட்டையில் விடையின் படம் உள்ள கட்டத்தில் பீன்ஸ் விதை வைக்க வேண்டும்; எங்களுக்கோ அது ஆகாத பண்டம்.

"கட்டத்துல வைங்க, வாயில வைக்காதீங்க!" என்று அதட்டுவாள்.

நேற்று, "கூடவே பொறந்த ரெண்டு பேரு. ஒருத்தி இல்லாட்டியும் இன்னொருத்தி சமாளிச்சுக்குவா. யாரு?" என்றாள்.

அரைத்தூக்கத்தில், "நானும் என் தங்கச்சியும்!" என்று கத்திவிட்டேன்.

கூடமே சிரித்தது. "அக்கா, அது கிட்னி!" என்று எவுலாலியாவும் சிரித்தாள். பிறகு மெதுவாக, "தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?" என்றாள்.

சொந்தத்தில் ஒருவரிடமாவது நோயைச் சொல்ல வேண்டும் என்பதுதான் வீட்டுப்பாடம். எதையும் கேட்க வேண்டாம், சொன்னால் போதுமாம்.

சொல்லிவிட்டேன். நான் எதையும் கேட்கவில்லை. வந்தால், இரண்டு தண்ணீர் மாற்றி வேகவைத்த உப்பில்லாத உருளைக்கிழங்குதான் கிடைக்கும். நீ திட்டிக்கொண்டே சாப்பிடலாம்.

எவுலாலியாவின் விடுகதையில் ஒரு தப்பு இருக்கிறது. ஒருத்தி இல்லாமல் இன்னொருத்தி சமாளிக்கவில்லை.

இப்படிக்கு,
ஏழு நிமிடம் மூத்தவள்