மங்கல அரிவாளைத் தீயிலிட்ட ஓலை

நலம் பெருகுக. மழை தப்பாத குன்றவேலி நாட்டுக்கும், அந்நாட்டின் எழுநூறு ஊர்களிலும் மாதுளை நிற்கும் முற்றங்கள் அனைத்துக்கும் வளம் பெருகுக. மேற்குக் கணவாயைக் காத்தவரும், ஏழாற்று நீரைப் பகையின்றிப் பங்கிட்டவரும், மாதுளம்பூப் பொறித்த வெண்குடைக்கு உரியவருமாகிய கோ வெண்கொற்றப் பெருமானின் திருவடிகளுக்கு, அரண்மனைக் கதைசொல்லியும், தங்கள் கணையாழியைத் தாங்கிச் செம்மலைத் தோட்டத்து விசாரணைக்கு வந்திருப்பவளுமாகிய காரி மகள் சாத்தி, தலை வணங்கி விடுக்கும் ஓலை.

பெருமானே, சற்று அருகே வந்து அமருங்கள். அரசியாரையும் அழைத்துக்கொள்ளுங்கள். வாயிலில் நிற்கும் காவலர்களுக்கும் கால் வலிக்கும். அவர்களும் உள்ளே வந்து உட்காரட்டும். ஒரு கதை சொல்லப்போகிறேன். முடியும்வரை எவரும் எழுந்து போகவேண்டாம்; ஏனெனில் இந்தக் கதையின் முடிவில் ஒருத்தியின் வலக்கை இருக்கிறது.

நான் எவரிடமும் முறையாக எழுத்துக் கற்றவள் அல்லள். கழித்துப்போட்ட ஓலை நறுக்குகளைப் பார்த்துக் கீறிக் கீறிப் பழகியவள். பௌர்ணமிக்கு இன்னும் நான்கே நாள். குதிரை தங்கள் வாயிலை அடைய இரண்டு நாள். தங்கள் பல்லக்கு இங்கு வந்துசேர இரண்டு நாள். பௌர்ணமியன்று காலையில் தாங்கள் மங்கல அரிவாளை எடுத்து எழுநூறு ஊர்களுக்கும் நட்டு வளர்க்க எழுநூறு மாதுளம்போத்துகளை, அதாவது இளங்கிளைகளை, வெட்டிக் கொடுப்பீர்கள். அன்றைக்கே தோட்டத் தலைவி மருதியின் வலக்கை வெட்டப்படும் என்பது தங்கள் அவையின் தீர்ப்பு. இரண்டு வெட்டும் விழாமல் தடுக்கவே இத்தனை அவசரம்.

செம்மலை மாதுளைகளின் அடித்தண்டில் கழலை கட்டுவதைத் தாங்கள் அறிவீர்கள். முதலில் சுண்டைக்காய் அளவு, அப்புறம் எலுமிச்சை, அதன்பின் ஒரு பிள்ளையின் தலையளவு. கழலை கொழுக்கக் கொழுக்க மரம் மெலிகிறது. பூக்கிறது, பிஞ்சிலேயே உதிர்த்துவிடுகிறது. ஒன்பது ஆண்டுகளாக இந்த நோய், நாம் கொடுத்த போத்துகளோடு ஊர் ஊராகப் போயிருக்கிறது. மருதி நல்ல கன்றுகளைக் கீறிக் கழலைச் சாற்றைத் தடவியதை மூன்று காவலர் நேரில் கண்டார்கள். அதனால் மரங்களுக்குச் செய்வினை வைத்தவள் அவளே என்று முடிவாயிற்று. அவள் வாயால் ஒப்புதல் பெற்று வருமாறு தாங்கள் என்னை அனுப்பினீர்கள். சாத்தி கதை சொன்னால் கல்லும் வாய் திறக்கும் என்று அமைச்சர் மொழிந்தாராம். கல் வாய் திறந்தது, பெருமானே. ஆனால் நாம் கேட்கப் போனதை அது சொல்லவில்லை.

நான் வந்தபோது காலில் தளை பூட்டிய நிலையில் மருதி நாற்றுக்கு மண் அணைத்துக்கொண்டிருந்தாள். தடவியது உண்மைதானா என வினவினேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

“தடவினேன். ஒளிஞ்சா தடவினேன்? பட்டப்பகல்ல, அந்த மூணு தடியனும் மோர் குடிச்சிக்கிட்டுப் பார்க்கத் தடவினேன். எது எங்கேயிருந்து எங்கே தாவுதுன்னு தெரிஞ்சிக்க வேற வழி இருந்தா நீயே சொல்லு ஆத்தா.”

கை போகப்போகிறவள் நாவையாவது அடக்கலாகாதா என்று கடிந்தேன்.

“கை போனா மிச்சம் நாக்குதானே! அதையும் இப்பவே அடக்கச் சொல்றியே, நல்லாருக்கு உன் நியாயம்.”

அதன்பிறகு அவள் காட்டியவற்றை நான் கண்ட வரிசையிலேயே சொல்கிறேன். தொட்டிகளில் பன்னிரண்டு கன்றுகள். ஆறு கன்றுகளைக் கழலை அறுத்த கத்தியாலேயே கீறியிருந்தாள்; மற்ற ஆறையும் அதே கத்தியைத் தீயில் காட்டி, ஆறவைத்துக் கீறியிருந்தாள். ஒரு திங்கள் நானே காவலிருந்தேன். முதல் ஆறிலும் கீறிய இடத்தில் கழலை எழுந்தது. மற்ற ஆறும் புண் ஆறித் தளிர்த்தன. கீறாத பட்டைமேல் சாற்றை எவ்வளவு பூசினாலும் ஒன்றும் ஆகவில்லை. நோய் உள்ளே புகக் காயம் வேண்டும். காயத்துக்குக் கத்தி வேண்டும்.

சாற்றில் என்னதான் இருக்கிறது என்று அறியப் பளிங்கறுப்பான் அந்துவனை வரவழைத்தேன். மணிக்கல் தேய்த்து வில்லை செய்கிறவன் அவன். அவனிடம் ஒரு கேள்வி கேட்டுவிட்டு நாம் சோறு உண்டு வரலாம், அப்போதுதான் பதில் வரும். வில்லையின்மேல் குனிந்தவன் நெடுநேரம் அசையவில்லை.

“இருக்கு” என்றான். நிழல் ஒரு முழம் நகர்ந்தபின், “நிறைய இருக்கு” என்றான்.

“எழுபது வயசுக்காரி நிக்கிறேன்டா, என்ன இருக்குன்னு சொல்லித் தொலை!” என்று நான் அரண்மனை மரியாதை மறந்து கத்தியதைப் பொறுத்தருள்க. பிறகு நானும் பார்த்தேன். நீரில் மிதக்கும் சீரகத் துணுக்குகள்போல் எண்ணற்ற சிற்றுயிர்கள். செடி வேரைச் சுற்றிய மண்ணில் அவற்றின் உறவினங்கள் எப்போதும் வாழ்கின்றன. பெரும்பாலானவை வேரில் கசிவதை உண்டு, ஒரு தீங்கும் செய்யாமல் கிடக்கின்றன. தீங்கு செய்பவை சில. அந்தச் சிலவற்றின் சூழ்ச்சியைக் கேளுங்கள்.

மரம் காயப்பட்டால் அந்தப் புண்ணில் ஒரு சாறு ஊறும். நமக்கு அது வெறும் ஈரம். அவற்றுக்கு அது திறந்த கோட்டைக்கதவு. வாளோ வேலோ இல்லாமல் உள்ளே நுழைந்து அவை செய்வது என்ன தெரியுமா? ஓலை கொடுக்கின்றன. அதை எவரும் கண்ணால் கண்டதில்லை. ஓலை என்பது நான் வைத்த பெயர். மரத்தின் உடலில் இங்கே இலை விடு, இங்கே வேர் விடு, போதும் நிறுத்து என்று ஆணையிடும் உள்ளரசு ஒன்று இருக்கவேண்டுமல்லவா? அந்த அரசின் ஆவணங்களுக்கு நடுவே இந்தப் பொய்யோலையைச் செருகிவிடுகின்றன. மரமும் தன் அரசன் முத்திரை என்றே நம்பி, வளர் வளர் என்று அந்த இடத்தில் வளர்கிறது. அதோடு, தனக்கு உதவாததும் எறும்புகூடத் தீண்டாததுமான ஓர் உணவைச் சமைத்து, ஏமாற்றிய அச்சிற்றுயிர்களுக்கே படைக்கிறது.

ஓலை என்று எதனால் சொன்னேன்? கழலை கண்ட கன்று ஒன்றை மருதி வெந்நீர்க் கலங்கள் சூழ்ந்த அறையில் பல நாள் வைத்தாள். வெம்மையில் சிற்றுயிர்கள் மாண்டன. அந்துவன் கழலையைக் கீறித் தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. ஆயினும் கழலை வளர்ந்துகொண்டே இருந்தது. ஓலை கொண்டுவந்தவன் செத்தான். ஓலை உள்ளே இருந்து ஆள்கிறது. அன்று முழுவதும் எனக்குச் சோறு இறங்கவில்லை. ஏன் என்பதைப் பின்னே சொல்கிறேன்.

இன்னொன்றும் உண்டு. சிற்றுயிர்கள் சிலவாக இருக்கும்போது ஊமைகள். கழலையின் உணவைத் தின்று பலவாகப் பெருகியபின் ஒன்றையொன்று அழைக்கின்றன. ஒலியால் அன்று, நீரில் கரையும் ஏதோ ஒன்றால். பெருங்கூட்டம் வாழ்ந்த நீரை மருதி மெருகிடாத சுட்ட மண்கலத்தின் வழியே கசியவிட்டு உயிர் ஒன்றும் இல்லாமல் வடித்தெடுத்து, தீங்கு செய்பவை சிலவும் தீங்கற்ற உறவினம் பலவும் சேர்ந்திருந்த கலத்தில் கழலைச் சாற்றோடு ஊற்றினாள். அந்தச் சில, தம்மைப் பல என எண்ணிக்கொண்டன. எண்ணியதும் பொய்யோலையைப் படியெடுத்து அண்டையிலுள்ளவற்றுக்கு வழங்கின. நேற்றுவரை சாதுவாகக் கிடந்தவை மறுநாள் கழலை உண்டாக்கின. வடித்த நீர் ஊற்றாத கலத்தில் அப்படி மாறியவை மிகச் சில.

“ஊர்ப் பஞ்சாயத்து மாதிரிதான் ஆத்தா. ஒத்தையா வந்தா வாலைச் சுருட்டிக்கிட்டுப் போவான். பத்துப் பேர் கூடினா அவனவன் ராசா” என்றாள் மருதி. அந்துவன் சிரித்தான். நாங்கள் வேறு பேச்சுக்குப் போய் வெகுநேரம் கழித்துத்தான் சிரித்தான்.

இனி என் பங்கு. பெருமானே, தாங்கள் ஐந்து வயதுப் பிள்ளையாக இருந்தபோது, தங்கள் தந்தையார் முதல்வெட்டு நடத்த இங்கு அழைத்துவந்தார். அரிவாளில் படிந்த மாதுளைக் கறையைக் குருதி என்று எண்ணி வீரிட்டு அழுதீர்கள். யார் தூக்கியும் அடங்கவில்லை. நான் தங்களை இடுப்பில் வைத்துக்கொண்டு, அந்த வேளைக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். அது குருதி இல்லை, கண்ணே. நாட்டு மகளின் நெற்றிக் குங்குமம். அதைக் கழுவின அரசன் ஒருவன் இருந்தான். கழுவிய அன்றே அவன் நாட்டை விட்டு மழை போய்விட்டது. இப்படி ஒரு கதை. அழுகை நின்றது. தாங்கள் கறையைத் தொட்டு என் நெற்றியில் பொட்டு வைத்தீர்கள்.

அப்படி ஓர் அரசன் இருந்ததில்லை. அந்த மழையும் நான் புனைந்ததே. அந்நாளிலும் அதன்பின் பல ஆண்டுகளும் மருதியின் தாய் ஒவ்வொரு மரத்துக்கும் இடையே அரிவாளைச் சாம்பலிட்டுத் துலக்கித் தீயில் காட்டுவாள். அது இத்தோட்டத்தின் பழைய முறை. தாங்கள் முடிசூடியபோது மங்கல அரிவாளைக் கழுவலாகாது, துடைக்கலாகாது, தீயில் காட்டலாகாது என்று கல்லில் வெட்டுவித்தீர்கள். நான் முன்வரிசையில் அமர்ந்து, என் கதை கல்லேறிய பெருமையில் பூரித்தேன். முடிசூடிய இரண்டாம் ஆண்டில் முதல் கழலை. நோயுற்ற ஒரு மரத்தைத் தொட்ட அரிவாள், கறையும் சாறுமாக அடுத்த மரத்துக்கும் அதற்கடுத்ததற்கும் போயிற்று. வேறொருவர் ஆணைகளுக்கு நடுவே பொய்யோலை செருகியது யார் என்று இப்போது தெரிகிறதா? நான் செத்தாலும் அது நிற்காது, பெருமானே. அதனால்தான் சோறு இறங்கவில்லை.

மருதிக்கு இது முன்பே தெரியும். அரசர் கத்திதான் காரணம் என்று அவையில் சொல்ல அவள் வாயெடுத்தபோதெல்லாம் வாயை அடைத்திருக்கிறார்கள். நான் என் பிழையைச் சொன்னதும் அவள் வைவாள் என்று காத்திருந்தேன். “அழுத பிள்ளையத் தேத்துறதுக்குச் சொன்னே. அதுல என்ன தப்பு? கல்லுல வெட்டினப்போ வாயத் திறந்திருக்கணும். அதான் தப்பு” என்று சொல்லிவிட்டு மண் அணைக்கப் போய்விட்டாள்.

ஆகவே வாய் திறக்கிறேன். இன்று உச்சிப்பொழுதில், காவலர் அனைவரும் காண, மங்கல அரிவாளை அது வைத்திருக்கும் தோட்டத்துக் கோயிலிலிருந்து எடுத்துச் சாம்பலிட்டுத் துலக்கி, நானே தீயிலிட்டேன். பதினோராண்டுக் கறை பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. ஒரு காவலன் வானத்தைப் பார்த்தான். நானும்தான் பார்த்தேன், பொய் சொல்வானேன்? மேகம் இருந்த இடத்திலேயே இருந்தது. இக்குற்றத்துக்கு ஒரு கை வேண்டுமென்றால், இதை எழுதும் கை இருக்கிறது. நட்டு வளர்க்கும் கையை விட்டுவிடுங்கள்.

இனி, தங்கள் கணையாழியின் பெயரால் செம்மலைக் காவலர்க்கு இட்ட கட்டளையாவது: மருதியின் தளை இன்றே நீக்கப்படுக, மறு ஓலை வரும்வரை அவள்மேல் கத்தி படாதிருக்க. கழலை கண்ட மரத்தை வேரோடு அகழ்ந்து எரிக்க; அம்மரத்தின் போத்து எந்த ஊருக்கும் போகாதிருக்க. ஒரு மரத்தைத் தொட்ட கத்தி தீயைத் தொடாமல் அடுத்த மரத்தைத் தொடாதிருக்க. அது அரசர் கத்தியேயாயினும் ஆக.

இந்தக் கணையாழியால் நான் இடும் கடைசி முத்திரை இதுவே. முத்திரை இட்டபின் அதை இவ்வோலையோடு கட்டி அனுப்புகிறேன். அது என் விரலை விட்டு நீங்கியபின் என் சொல் வெறும் கதை. அதைக் கதையாகவே விடுவதோ, கல்லில் உள்ளதை அழித்து ஆணையாக்குவதோ தங்கள் கையில் இருக்கிறது. அன்று என் நெற்றியில் பொட்டு வைத்த கை அது, அதை நம்புகிறேன்.

தங்கள் மனையில் அடுப்பு அணையாதிருக்க. அரசியார் வயிற்றில் வளரும் பிள்ளை அழுது பிறந்து சிரித்து வளர்க. அதன் அழுகையைத் தேற்றப் பொய் சொல்ல நேர்ந்தாலும், அது வளர்ந்தபின் மெய் சொல்ல ஒருவர் அதன் அருகே இருக்க. இதைக் கேட்டிருந்தோர் வீடுகளிலெல்லாம் மாதுளை பிஞ்சு உதிராமல் பழுக்க. நலமே நிலைக்க.